கணவனும் மனைவியும் ஒரே அறையில்தான் படுக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கிழக்கு லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு) வீடொன்றில் கனகாலமாக இருக்கிறோம். மூன்று படுக்கையறை, வாடகை மாதம் 780 பவுண். இவருக்கு 64 வயது, எனக்கு 57. பாரிசவாதம் வந்து இவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருப்பதால் அந்த அறைக்குள் வேறு கட்டில் வைக்க இடமில்லை, நான் அடுத்த அறையில் படுக்கிறேன். மகனுக்கு 24 வயது, ஓட்டிசம். அவருக்கும் பிப் (நோய், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) கிடைக்கிறது. மகள் போன வருடம் கலியாணம் முடித்துத் தனியாகப் போய்விட்டா. அதை நாங்களே யுனிவர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகையையும் சேர்த்து அரசு கொடுக்கும் உதவிப்பணம்) அறிவித்தோம். அடுத்த மாதமே வீட்டு வாடகைக் காசில் 109 பவுண் குறைந்துவிட்டது. ஸ்டேட்மென்டைப் பார்த்தால் மகன் பேரில் இன்னும் தொண்ணூறு சொச்சம் வெட்டுகிறார்கள். போன் எடுத்துக் கேட்டால் கணவன் மனைவிக்கு ஒரு ரூம்தான் என்கிறார்கள். ஹவுசிங் ஆட்கள் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். தெரிந்தவர்களோ மகளின் பெயரைத் திரும்பப் போடு, இல்லாவிட்டால் ஒரு அறையைப் படிக்க வந்த பொடியனுக்கு விடு என்கிறார்கள். இவருக்கு ஐந்து மாதத்துக்கு முன்தான் பிப் வந்தது, சாதாரண வீதம், 10 புள்ளி: சமையலுக்கு 4, குளிப்புக்கு 2, உடுப்புக்கு 2, கழிப்பறைக்கு 2. போனில் கேட்டபோது தானே சாப்பிடுவார் என்று சொன்னேன். மீன் முள்ளெடுத்து, சோற்றைக் குழைத்துக் கோப்பையில் வைத்தால் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். இரவில் மூன்று நாலு தரம் நான் எழும்ப வேண்டும். என் முதுகும் போய்விட்டதால் மகள் கிழமைக்கு இரண்டு மூன்று இரவு வந்து நின்று அப்பாவைப் பார்க்கிறா. பிப்பைக் கிளறினால் உள்ளதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சக் காலத்தில் இவருக்குப் பென்ஷன் வயது வந்துவிடும்தானே, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா?

பதில்: அக்கா, கழிவைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, மகள் இரவில் வந்து நிற்பதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு வருகிறேன். முதலில், அதிகம் மல்லுக்கட்டாமல் திரும்பி வரக்கூடிய காசைப் பார்ப்போம்.

மகன் பெயரில் வெட்டும் தொண்ணூறு சொச்சம் உங்களிடம் வெட்டியிருக்கவே கூடாதது. வீட்டில் 21 வயது நிரம்பிய பிள்ளையோ உறவினரோ இருந்தால், அவர் வாடகைக்கு ஏதோ கொடுப்பார் என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு தொகையைக் குறைப்பார்கள். அந்தப் பிள்ளை உண்மையில் ஒரு சதமாவது தருகிறதா என்று கேட்கமாட்டார்கள். ஆனால் இதற்கு விலக்குகள் உண்டு. வீட்டிலிருக்கும் அந்தப் பிள்ளைக்கே பிப்பில் டெய்லி லிவிங் பகுதி (அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுவதற்கான பகுதி) கிடைத்தால் வெட்டக் கூடாது. வாடகைக்காரராகிய உங்களில் ஒருவருக்கு அது கிடைத்தாலும் வெட்டக் கூடாது. வீதம் சாதாரணமா உயர்ந்ததா என்பது இந்த இடத்தில் பொருட்டல்ல. உங்கள் வீட்டில் கணவருக்கும் கிடைக்கிறது, மகனுக்கும் கிடைக்கிறது. மகனுடையதில் டெய்லி லிவிங் பகுதி இருக்கிறதா, மொபிலிட்டி (நடமாட்டத்துக்கான பகுதி) மட்டுமா என்று அவருடைய கடிதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொபிலிட்டி மட்டும் என்றாலும் கணவருடையது கிடைக்கத் தொடங்கிய தேதியிலிருந்து இந்தக் கழிவுக்கு இடமில்லை.

பிறகு ஏன் வெட்டினார்கள்? பிப் கொடுப்பதும் அதே டி.டபிள்யூ.பி. (அரசின் உதவிப்பண இலாகா), யுனிவர்சல் கிரெடிட் கொடுப்பதும் அதே டி.டபிள்யூ.பி. என்பதால் ஒரு மேசைக்குத் தெரிந்தது மறு மேசைக்கும் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. குறிப்பாக மகனுடைய பிப் அவருடைய பெயரில் இருக்கிறது, உங்கள் கோப்பில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் ஏறும். இன்றைக்கே மகளை உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஓன்லைன் கணக்கில் செய்தி எழுதும் பகுதியான ஜேர்னலைத் திறக்கச் சொல்லி, கீழே உள்ளதை ஆங்கிலத்தில் எழுதுவியுங்கள்:

“என் கணவருக்கு இன்ன தேதியிலிருந்து பிப் டெய்லி லிவிங் கிடைக்கிறது. எங்களோடு இருக்கும் எங்கள் மகனுக்கும் இன்ன தேதியிலிருந்து கிடைக்கிறது. ஆகவே மகனுக்காக ஹவுசிங் கொஸ்ட் கொன்ட்ரிபியூஷன் கழிக்கக் கூடாது. கழித்த முதல் மாதத்திலிருந்து திருத்தி, பிடித்த பணத்தைத் திருப்பித் தரவும். இதை மன்டேட்டரி ரீகன்சிடரேஷன் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளவும்.”

கடைசி வசனம் கட்டாயம் இருக்க வேண்டும். மன்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்றால் முடிவை மீள்பரிசீலனை செய்யும்படி முறைப்படி கேட்பது. அது இல்லாவிட்டால் ‘உங்கள் செய்திக்கு நன்றி’ என்று ஒரு பதில் வரும், அதோடு விஷயம் முடிந்துவிடும். எழுதியதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்டைத் திறந்த கையோடு பராமரிப்பாளர் தொகை என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்குக் குறையாமல் நீங்கள் ஒருவரைப் பார்க்கிறீர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு பேரைப் பார்த்தாலும் உங்களுக்கு அந்தத் தொகை ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்றாவது வர வேண்டுமே.

இனி 109 பவுண். இதுதான் ‘பெட்ரூம் டாக்ஸ்’ என்று எல்லோரும் சொல்வது. 2012 சட்டத்தின் கீழ் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருக்கும், பென்ஷன் வயது வராத குடும்பத்துக்கு ஒரு அறை கூடுதலாக இருந்தால் வாடகைத் தொகையில் 14 சதவீதம் வெட்டு, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம். உங்கள் 780இல் 14 சதவீதம் 109 பவுண் 20 பென்ஸ். கணக்கில் பிழையில்லை. அறை எண்ணியதில்தான் விஷயம் இருக்கிறது. தம்பதிக்கு ஒன்று, 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று எண்ணினால் உங்களுக்கு இரண்டு. மூன்றாவது, அதாவது நீங்கள் படுக்கும் அறை, அவர்கள் கணக்கில் ‘உபரி’.

போனில் கதைத்தவர் சொன்னது முழு உண்மை இல்லை. இதே கேள்வியோடு ஒரு குடும்பம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. சவுத்போர்ட்டைச் சேர்ந்த ஜாக்குலின் கார்மைக்கேல் என்ற பெண்ணுக்குப் பிறப்பிலிருந்தே முதுகெலும்புக் குறைபாடு. ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் விசேஷ மெத்தை. கணவர் ஜேசன்தான் அவரைப் பார்ப்பவர். அந்தக் கட்டிலில் கூடப் படுக்க முடியாது, அறையில் இன்னொரு கட்டிலுக்கும் இடமில்லை, ஆகவே மற்ற அறையில் படுப்பார். உங்கள் வீட்டுக் கதைதான். அவர்களுக்கும் 14 சதவீதம் வெட்டினார்கள். 2016 நவம்பர் 9ஆம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். உடல் நிலையால் ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிக்கு இரண்டு அறை என்று 2017 ஏப்ரல் 1 முதல் விதி மாறியது.

ஆனால் விதியை மாற்றும்போது ஒரு கதவையும் வைத்தார்கள். நோயாளிக்கு பிப் டெய்லி லிவிங் உயர் வீதத்தில் இருக்க வேண்டும். பிப்புக்கு முன்பிருந்த பழைய டி.எல்.ஏ. உதவித்தொகை என்றால் நடு வீதமோ அதற்கு மேலோ போதும். சாதாரண வீதம் வாங்கும் மனிதனின் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் சுருங்கிவிடுமா என்று நான் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். விதி அப்படித்தான் இருக்கிறது. ஆகவே 10 புள்ளியோடு நிற்கும்வரை இந்த வழியால் உள்ளே போக முடியாது. 12 புள்ளி வேண்டும்.

அதற்காக 12 புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேதான் உங்கள் மகள் வருகிறா. அந்த வீட்டில் குடியிருக்காத ஒருவர் ஒழுங்காக வந்து இரவில் தங்கி நோயாளியைப் பார்த்தால், அதற்கென்று ஒரு அறை கூட்டித் தர வேண்டும் என்று தனியாக ஒரு விதி உண்டு. இதற்கு பிப் டெய்லி லிவிங் சாதாரண வீதமே போதும். தம்பதிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, இரவுப் பராமரிப்புக்கு ஒன்று. மூன்றும் சரி, உபரி இல்லை, கழிவும் இல்லை. நீங்கள் எத்தனை தரம் எழும்பினாலும் இந்த விதிக்குள் வரமாட்டீர்கள், ஏனென்றால் நீங்கள் அதே வீட்டில் இருக்கிறீர்கள். கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போன மகள் வருவா. அறை உபரியானதும் அவ போனதால்தான், அது உபரி இல்லை என்று காட்டுவதும் அவ வந்து போவதால்தான்.

இதில் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒழுங்காக என்றால் தினமும் என்று அர்த்தமில்லை, பாதிக்கு மேற்பட்ட இரவுகள் என்றும் அர்த்தமில்லை. ஆனால் ஒரு முறை இருக்க வேண்டும்: இன்ன இன்ன நாட்கள், ஒவ்வொரு கிழமையும். அப்பா அம்மாவைப் பார்க்க வந்த பிள்ளை நேரமாகிவிட்டது என்று படுத்துவிட்டுப் போவதும், இரவு இரண்டு மணிக்கு எழும்பி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும் ஒன்றல்ல. ஆகவே ஒரு கொப்பியை எடுத்து நாலு கிழமைக்கு எழுதி வாருங்கள்: எந்த இரவு யார் எழும்பினது, எத்தனை மணிக்கு, என்ன செய்தது. சிறுநீர்ப் போத்தல் பிடித்தது, துணி மாற்றினது, வலிக்கு மருந்து கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மகள் தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும். உங்கள் முதுகைப் பற்றி ஜி.பி.யிடம் இரண்டு வரி வாங்குங்கள், ஏன் இன்னொருவர் வர வேண்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உறவுக்காரர்தானே, சம்பளம் இல்லையே என்று தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். பராமரிப்பவர் காசு வாங்குபவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று வாதாட இடமிருக்கிறது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மகள் எங்கே படுக்கிறா என்றும் கேட்கக்கூடும். உங்கள் அறையில் பாய் போட்டுப் படுத்தால் பாய் என்றே சொல்லுங்கள். உள்ளதைச் சொல்வதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

இதையும் ஜேர்னலில், மேலே சொன்ன மாதிரியே மீள்பரிசீலனை என்ற சொல்லோடு எழுத வேண்டும். முடிவு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்பது பொது விதி. அது கடந்திருந்தால், ஏன் பிந்தியது என்று காரணம் காட்டி 13 மாதம் வரை கேட்கலாம். கணவன் மனைவிக்கு ஒரு ரூம்தான் என்று அவர்களே போனில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை விட நல்ல காரணம் எது? எந்த நாள் போன் எடுத்தீர்கள் என்று உங்கள் போனிலேயே பதிவிருக்கும், பார்த்துக் குறித்து வையுங்கள்.

அடுத்தது பிப். உங்கள் பயம் நியாயமானது, அதை மறைத்துப் பேசப்போவதில்லை. மீள்பரிசீலனை கேட்டால் முழுக் கோப்பையும் திறப்பார்கள், கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். இப்போது 10. சாதாரண வீதத்தை இழக்க வேண்டுமானால் 8க்குக் கீழே இறங்க வேண்டும், அதாவது இப்போது கொடுத்த மூன்று புள்ளியையாவது பறிக்க வேண்டும். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனிதனிடமிருந்து அதைப் பறிக்கக் காரணம் தேடுவது கஷ்டம். மேலே ஏற இரண்டு புள்ளி போதும், அந்த இரண்டு புள்ளியை உங்கள் கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

தானே சாப்பிடுவார் என்று சொன்னீர்களே, அந்த இடம்தான். எங்கள் பெண்கள் எல்லோரும் சொல்லும் பதில் அது. புருஷனுக்கு ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்று முகம் தெரியாத ஒருவரிடம் போனில் சொல்ல மனம் வராது, பக்கத்தில் அவர் கேட்டுக்கொண்டு வேறு இருப்பார். ஆனால் பிப்பில் சாப்பாடு என்ற பகுதியில் கேட்பது, கரண்டி வாய்க்குப் போகிறதா என்பது மட்டுமல்ல. சாப்பாட்டை வெட்டிக் கொடுக்க இன்னொருவர் வேண்டுமானால் அதற்கு 2 புள்ளி. வலது கை விழுந்த ஒருவரால் ஒற்றை இடது கையால் கோழித் துண்டை எலும்பிலிருந்து பிரிக்க முடியுமா, விளைமீனில் முள்ளெடுக்க முடியுமா? நீங்கள் முள்ளெடுத்துக் குழைத்து வைக்காவிட்டால் அவர் பட்டினி, அல்லது தொண்டையில் முள். அதை இந்தப் பாஷையிலேயே எழுதுங்கள். ஒரு சாப்பாட்டு வேளையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுதினால் போதும்.

கழிப்பறைக்கு 2 கொடுத்திருக்கிறார்கள். அநேகமாகச் சுவரில் பிடிகம்பி இருப்பதற்காகக் கொடுத்தது. பிடிகம்பி மாதிரியான உபகரணம் தேவையென்றால் 2, ஒரு ஆள் உதவி செய்ய வேண்டுமானால் 4. பகலில் கம்பியைப் பிடித்து எப்படியோ சமாளித்தாலும், இரவில் போத்தல் பிடிக்கவும் துடைத்துவிடவும் நீங்களோ மகளோ வேண்டுமென்றால், அந்த நாள் முழுவதும் உதவி தேவைப்பட்ட நாளாகவே எண்ணப்பட வேண்டும். 24 மணித்தியாலத்தில் எந்த நேரத்தில் தேவைப்பட்டது என்பது கேள்வியில்லை. அப்படியான நாட்கள் பாதிக்கு மேல் இருந்தால் சரி. உடுப்பையும் குளிப்பையும் இதே கண்ணால் பாருங்கள். சேர்ட்டுக்குள் வலது கையை நுழைத்துவிடுவது யார்? குளிக்கும் இடத்துக்குள் ஏற்றி இறக்குவது யார்? ஒரு வேலையைச் ‘செய்வார்’ என்று எண்ணுவதற்கு அவர் அதை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, மற்ற ஆட்கள் எடுக்கும் நேரத்தின் இரு மடங்குக்கு மேல் எடுக்காமல் செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. முக்கால் மணித்தியாலம் எடுத்து ஒரு சாரத்தைக் கட்டுவது ‘தானே உடுப்பார்’ ஆகாது.

பிப் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, மதிப்பீடு செய்தவர் எழுதிய அறிக்கையின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். பி.ஏ. 4 என்று சொன்னால் தெரியும். இலவசமாக அனுப்புவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் பதில் எழுதுவது இருட்டில் கல்லெறிவதுதான். ஸ்ட்ரோக் நர்ஸ், கட்டில் ஏற்பாடு செய்த ஓ.டி. (தொழில்வழிச் சிகிச்சையாளர்) ஆகியோரின் கடிதங்களைச் சேர்த்து, ஐந்து மாதம் பிந்திய காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். மீள்பரிசீலனையில் பெரும்பாலும் ‘மாற்றமில்லை’ என்றுதான் வரும். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள், மேன்முறையீட்டைக் கேட்கும் டிரைபியூனலுக்குப் போவதற்கு அந்தக் கடிதம்தான் டிக்கெட். பிப் வழக்குகளில் டிரைபியூனல் விசாரணை வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்கிறார்கள். ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், உடற்குறைபாட்டில் அனுபவமுள்ள ஒருவர் என்று மூவர் இருந்து கேட்பார்கள். கட்டணமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் அவர்களே தருவார்கள். தயவுசெய்து கேளுங்கள். மகளை மொழிபெயர்க்க வைத்தால், அப்பாவின் கழிப்பறை விஷயத்தை அவ பாதியாகக் குறைத்துத்தான் சொல்லுவா. அவ சொல்ல வேண்டியது தன் சாட்சியை.

பிப் உயர் வீதமாக மாறினால், அந்த முடிவுக் கடிதத்தை உடனே யுனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் ஏற்றி, வாடகைத் தொகையையும் அதே பின்தேதியிலிருந்து திருத்தச் சொல்லுங்கள். தானாக நடக்கும் என்று இருக்காதீர்கள்.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். அதுவரை வாடகைப் பற்றாக்குறைக்குக் கவுன்சிலிடம் போங்கள். டி.எச்.பி. என்று இதுவரை சொல்லிவந்த வாடகை உதவி, இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நிதிக்குள் போய்விட்டது. பெயர் எதுவானாலும் நீங்கள் கேட்பது வாடகைக் கழிவை நிரப்பும் உதவி. போர்மில் வரவு செலவு கேட்பார்கள். பிப் காசை வரவில் போட்டு ‘உங்களிடம் மிச்சம் இருக்கிறதே’ என்று சொன்னால், 2015இல் சாண்ட்வெல் கவுன்சிலுக்கு எதிரான வழக்கை ஞாபகப்படுத்துங்கள். பராமரிப்புக்கென்று வரும் டி.எல்.ஏ. பணத்தை இப்படி வரவில் சேர்த்துப் பார்த்தது சட்டத்துக்கு மாறானது என்று ஹை கோர்ட் சொல்லிவிட்டது. செலவுப் பக்கத்தில் எதையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்: கூடுதல் ஹீட்டிங், தினமும் ஓடும் வோஷிங் மெஷின், ஆஸ்பத்திரிக்கு டாக்சி, சிறுநீருக்கு வைக்கும் பாட் வாங்கும் செலவு எல்லாம் போடுங்கள். ஹவுசிங் அசோசியேஷனுக்கும் ஒரு கடிதம்: இரண்டு கழிவையும் எதிர்த்து எழுதியிருக்கிறோம், இன்ன தேதியில் எழுதினோம், முடிந்ததைக் கட்டிவருகிறோம். நிலுவை விழுந்ததும் ஒளிந்துகொள்ளும் குடும்பத்தைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பது சுலபம்.

இதே குடும்பம் கிளாஸ்கோவில் இருந்திருந்தால் இந்த 109 பவுணுக்காக இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது. ஸ்கொட்லாந்தில் அந்த அரசு பெட்ரூம் டாக்ஸை முழுதாக நிரப்பிக் கொடுக்கிறது. அதே சட்டம், அதே நோய், எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கணக்கு.

இரண்டு அறை ஃபிளாட்டுக்குப் போகவே போகாதீர்கள், குறைந்தது இந்த முடிவுகள் வரும்வரை. போனால் நீங்கள் படுப்பது ஹோலில். இப்போது இருக்கும் வீட்டில் அவருக்கென்று செய்த பிடிகம்பி, குளியலறை மாற்றம் எல்லாவற்றையும் புது வீட்டில் மறுபடி ஓ.டி. பார்த்து, மறுபடி கிராண்ட் கேட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். பழைய வாடகை ஒப்பந்தத்தில் இருந்த பாதுகாப்பு புதியதில் இருக்குமா என்று பார்க்காமல் கையெழுத்து வைப்பதும் ஆபத்து. வாயால் கேட்டால் வாயால் ‘யோசிக்கிறோம்’ என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்டால், மருத்துவக் காரணத்தால் எங்களுக்கு மூன்று அறை தேவை என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

மகளின் பெயரைத் திரும்பப் போடச் சொன்னவர்கள் உங்களுக்கு நல்லது நினைத்தே சொல்லியிருக்கலாம். செய்யாதீர்கள். அவவுடைய கவுன்சில் டாக்ஸ், வாக்காளர் பதிவு எல்லாம் வேறு விலாசத்தில் இருக்கும். பிடிபட்டால் கொடுத்த காசு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள், அதற்கு மேல் தண்டமோ வழக்கோ. எல்லாவற்றையும் விட, இரவுப் பராமரிப்பு வழிக்கு அவ அந்த வீட்டில் குடியில்லை என்பதுதான் உங்கள் பலம். பொய்ப் பெயர் அந்த வழியையே அடைத்துவிடும்.

அறையை வாடகைக்கு விடுவது பற்றி ஒரு வார்த்தை. யுனிவர்சல் கிரெடிட்டில் லொட்ஜர் (வீட்டில் அறை எடுத்துத் தங்குபவர்) தரும் காசை வரவாக எண்ணமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அறை உபரியாகவே எண்ணப்படும், 14 சதவீதம் தொடரும். வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும். அதைவிட, அது நீங்கள் படுக்கும் அறை.

பிரைவேட் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு: உங்களுக்கு 14 சதவீதக் கணக்கு இல்லை, ஏரியாவுக்கும் அறை எண்ணிக்கைக்கும் ஏற்ற எல்.எச்.ஏ. என்ற வாடகை உதவி உச்சவரம்புதான். ஆனால் தம்பதிக்கு இரண்டு அறை, இரவுப் பராமரிப்பாளருக்கு ஒரு அறை என்ற விதிகள் உங்களுக்கும் பொருந்தும். ஓர் அறை கூடினால் உச்சவரம்பும் கூடும். எல்.எச்.ஏ. 2024 ஏப்ரலில் உயர்ந்ததோடு அப்படியே நின்றுவிட்ட நிலையில், வாடகை ஏறிக்கொண்டே போகும் லண்டனில் அந்த ஓர் அறை வித்தியாசம் பெரிய காசு.

பென்ஷன் வயது வரும்வரை பொறுப்பதா என்று கேட்டீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2019 மே 15க்குப் பிறகு விதி மாறிவிட்டது. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் பென்ஷன் வயது வந்தால், இளையவருக்கும் அந்த வயது வரும்வரை யுனிவர்சல் கிரெடிட்டில்தான் இருக்க வேண்டும். இவருக்கு இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வயது வந்துவிடும். உங்களுக்கு 67 வர இன்னும் பத்து வருடம் கிடக்கிறது. மாதம் 109 பவுண் வீதம் பத்து வருடத்துக்கு 13,000 பவுணுக்கு மேல்.

தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ உங்கள் பகுதி லோ சென்டருக்கோ (சட்ட உதவி நிலையம்) போங்கள். இரண்டும் இலவசம். போகும்போது கணவரின் பிப் கடிதம், மகனின் பிப் கடிதம், கடைசி மூன்று ஸ்டேட்மென்ட், மகள் எழுதிய கடிதம், இரவுக் கொப்பி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கொப்பி நாலு கிழமை நிரம்பட்டும் என்று அதுவரை பொறுக்க வேண்டாம். முதலில் ஜேர்னலில் எழுதிவிடுங்கள், ஆதாரம் பின்னால் வருகிறது என்று அதிலேயே குறிப்பிடலாம். பிப் மீள்பரிசீலனை முடிவு தபாலில் வந்ததும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன் மேலே உள்ள தேதியைப் பாருங்கள். டிரைபியூனலுக்கு விண்ணப்பிக்க அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் இருக்கிறது.